பாட்டுத் துரைசாணிக்குத் தாய்வீட்டுக் கோடி

1

பதுளைக்கு இரயில் வந்ததில் ஊருக்கு ஒரு சந்தோஷம் என்றால் எனக்கு இரண்டு. இரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலத்தில், அதற்கு மேல் மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டு வர வேண்டுமே என்று சொல்லியே நம் லால்குடிச் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் வராமல் இருந்தார்கள். இனிமேல் அவர்கள் வேறு சாக்குத் தேட வேண்டும், பாவம்.

போன செவ்வாய்க்கிழமை நூல்கண்டுப் பெட்டி ஒன்றை எடுத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பார்சல் கொடுக்கும் இடத்தில் இருந்தவர் என் கையெழுத்து போன தடவை போட்டது மாதிரி இல்லை என்றார். நானே போன தடவை இருந்தது மாதிரி இல்லையே என்றேன். அவர் சிங்களத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, நடுவில் இருவரும் இங்கிலீஷில் கொஞ்சம் சண்டை போட்டு, கடைசியில் பெட்டி என் கைக்கு வந்தது. இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன், கோபம் வந்தால் மட்டும் எனக்குச் சிங்களம் மறந்துவிடுகிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல், “மூச்சு டெய்லர்” என்று கூப்பிட்டது.

திரும்பிப் பார்த்தேன். நல்ல உடம்போடு, தொப்பிக்குக் கீழே தும்பைப்பூவாய் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். நூல்கண்டுப் பெட்டி என் காலில் விழுந்தது. வலி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஊர்ச் சங்கத்து மலருக்கு இலங்கை அனுபவம் ஏதாவது எழுதி அனுப்பும்படி என் மைத்துனர் நடராசன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தைப்பவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக்கழித்து வந்தேன். இப்போது எழுதுகிறேன். கடைசியில் மைத்துனருக்கே ஒரு சேதி இருக்கிறது. அதுவரை பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2

நான் பதுளைக் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் கொஞ்சம் சேலை, வேட்டி, சீட்டித் துணியும் விற்கிறேன். என் மனைவி சிவகாமி கடையில் பாதி. எந்தப் பாதி என்று கேட்டால் பேசும் பாதி.

அவளுக்குக் கப்பலேறிய நாளிலிருந்து ஒரே ஒரு கவலை. இங்கே வீடு, கடை, பிள்ளை என்று எல்லாம் அமைந்த பிறகும் அது போகவில்லை. நம் பக்கத்தில் ஒரு பெண் கண்ணை மூடினால் அவள் மேல் பிறந்த வீட்டுக் கோடி விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து போர்த்தினால்தான் அவள் நாதியுள்ளவளாகப் போகிறாள் என்று அர்த்தம். “நான் இங்கன கண்ணை மூடினா எங்கண்ணன் கோடி எப்பங்க வந்து சேரும்?” என்று சோறு போடும்போது கேட்பாள். அந்த நேரத்தில் கேட்டால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?

அந்தக் கவலை பிற்காலத்தில் இன்னும் முற்றிப்போனதற்கு மைத்துனரும் ஒரு காரணம். எங்கள் மகள் பவளம் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவரப் புறப்பட்டார். கரைக்கு அந்தப் பக்கமே, கப்பலேறுகிறவர்களைச் சோதிக்கும் முகாமில் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்களாம், உடுப்பையெல்லாம் புகை போட்டார்களாம், சீர்த்தட்டில் இருந்த பழத்தை என்னவென்று எழுதுவது என்று யோசித்தார்களாம். அவர் இங்கே வந்து சேர்ந்தபோது பந்தல் பிரித்து, பாத்திரம் கழுவி, பவளம் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பழம் மட்டும் நன்றாகப் பழுத்திருந்தது. சீருக்கே இந்தக் கதி என்றால் கோடிக்கு என்ன கதி என்று சிவகாமி அன்றைக்கு அழுதாள்.

பவளத்துக்கு இதெல்லாம் புரிவதில்லை. இப்போது பண்டாரவளையில் பள்ளிக்கூடத்து டீச்சராக இருக்கிறாள். செத்த பிறகு எந்தத் துணி போட்டால் என்ன என்கிறாள். எங்களோடு பேசும்போது தமிழ், சிநேகிதிகளோடு சிங்களம், தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது இங்கிலீஷ். மாவரைக்கும்போது அவள் வாயில் வருவது எந்தப் பாஷையும் இல்லை. வெறும் ‘ஆ’வை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி இறங்குவதுபோல ஒரு ராகம் இழுப்பாள். அதை அவள் ஐந்து வயதில் பாட்டுத் துரைசாணியிடம் பிடித்தாள்.

3

ஸ்டேஷனில் என்னைக் கூப்பிட்டவர்தான் அந்தப் பாட்டுத் துரைசாணி. ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்குத் தங்கை. சீமையில் ஒப்பேரா என்று ஒன்று உண்டு. முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். இந்த அம்மாள் அதில் கதாநாயகியாகப் பாடுகிறவர். பெண்குரலில் உச்சத்தில் பாடுகிறவர்களுக்குச் சொப்ரானோ என்று பெயராம். ஒலிபெருக்கும் குழாய் எதுவும் கிடையாது, பெரிய மண்டபத்தில் கடைசி வரிசை ஆள் வரைக்கும் வெறும் தொண்டையிலிருந்து போய்ச் சேர வேண்டும். அதுதான் அவர் தொழில், அதுதான் அவர் சாப்பாடு.

கம்பெனியோடு பம்பாய், மதராஸ் எல்லாம் பாடிவிட்டுக் கொழும்புக்கு வந்த இடத்தில் கடுமையான காய்ச்சல் வந்து தொண்டை போய்விட்டது. கம்பெனி அவரை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் போயிற்று. திரும்பக் கொழும்பு வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது மானேஜர் வந்து பாடச் சொல்லிக் கேட்பார். குரல் திரும்பியிருந்தால் கப்பல். இல்லாவிட்டால் வேறு பெண் தயாராக இருக்கிறாள். இந்த அம்மாள் ஊருக்குப் போய்ப் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ள வேண்டியதுதான்.

காய்ச்சலில் உடம்பு இளைத்து, மேடை உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பங்களாவின் பின் வராந்தாவில் உட்கார்ந்தேன். துரைசாணியை நான் தொட்டு அளவெடுக்க முடியாது அல்லவா? சிவகாமி உள்ளே அளவெடுத்துச் சத்தமாகச் சொல்ல, வெளியே நான் எழுதிக்கொள்வேன். பவளமும் கூட வருவாள்.

அப்போது அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. முணுமுணுக்கக்கூடக் கூடாது. ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுவார். சிவகாமிக்கு எழுத்து தெரியாது. அதனால் அவள் பாட்டுக்குத் தமிழில் பேசிக்கொண்டே இருப்பாள், அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருப்பார். எதிர்ப்பேச்சு பேசாத ஒரு சிநேகிதி கிடைத்தது சிவகாமிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அண்ணன், கோடி, கடல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருக்கிறாள். அவருக்குப் பாதி புரிந்தால் அதிகம் என்று நான் நினைத்தேன்.

தடை நீங்கிய அன்றைக்குத்தான் என் மானம் போயிற்று. தோட்டத்துத் துரைசாணிகள் எல்லாருக்கும் இடுப்பில் இறுக்கிப் பிடித்தால்தான் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் நான் வெள்ளை உடுப்பைச் சிக்கென்று தைத்து அனுப்பிவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு மூச்சை இழுத்தார். இரண்டு பக்கத் தையலும் அக்குள் வரை விட்டுப்போயிற்று. உள்ளே சிவகாமி தலையில் கை வைத்தாள். அந்த அம்மாள் அவள் கையை எடுத்துத் தன் விலாவில் வைத்து, மூச்சை இழுத்துக் காட்டினார், விட்டுக் காட்டினார். “ஏங்க, மனுசி உடம்பு இம்புட்டா விரியும்?” என்று உள்ளேயிருந்து ஆச்சரியமாகக் கேட்டாள். அன்று முதல் மூச்சை விட்டு ஓர் அளவு, மூச்சைப் பிடித்து ஓர் அளவு என்று இரண்டாக எடுத்தோம். அப்படித்தான் நான் மூச்சு டெய்லர் ஆனேன்.

4

சில நாள் மெதுவாக ‘ஆ’ பயிற்சி செய்தார். பவளம் அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுவாள். ஒருநாள் மத்தியானம் முழுக் குரலில் பாடிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். கப்பலேறிப் போன மாப்பிள்ளை இறந்துவிட்டான் என்று நம்பி நஞ்சு குடித்துவிடுகிறாள் ஒரு பெண். உயிர் போகிற நேரத்தில் அவள் பாடும் பாட்டு. கடைசி அடியில் குரல் உச்சிக்குப் போய் நிற்கும், அதோடு அவள் விழுந்து சாவாள். மானேஜர் கேட்கப்போவது அந்தப் பாட்டைத்தான்.

பாடினார். எனக்குப் பாட்டின் நுணுக்கம் தெரியாது. ஆனால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் தானாக நின்றுவிட்டது. பங்களாக் கதவுகளைத் தாண்டி, பூந்தோட்டத்தைத் தாண்டி, எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் அந்தக் குரல் போயிற்று. உச்சி வரும் இடத்தில் மட்டும் அவர் பயந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு முறைப்படி விழுந்து செத்தார்.

கொஞ்ச நேரத்தில் தேயிலைக்கு நடுவில் இருக்கும் ஒற்றையடிப் பாதையில் பெண்கள் வரிசையாக வருவதைப் பார்த்தேன். கூடையைக் காணோம். எல்லாருக்கும் தலைமுடி அவிழ்ந்திருந்தது. முன்னால் வந்தவள் ராக்காயி, மேட்டு லயத்துக்காரி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை இங்கே லயம் என்பார்கள். நான் எழுந்து, இது பாட்டு, யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு பெண் அப்படிக் குரலெடுத்து அழுதால் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து தோளைக் கட்டிக்கொண்டு கூட அழ வேண்டும். தனியாக அழவிடுவது இங்கே பெரிய குற்றம். தரையில் கிடந்தவரைத் தூக்கி உட்கார வைத்து, வட்டமாக உட்கார்ந்து, ராக்காயி ஒப்பாரியை எடுத்துவிட்டாள்.

அந்த அம்மாள் முதலில் திடுக்கிட்டார். பிறகு ராக்காயி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். குரல் போய்விடுமோ என்று இத்தனை நாள் சிலேட்டில் எழுதி எழுதி அடக்கிவைத்த பயம் முழுவதும் அப்போது வெளியே வந்தது. கதவோரம் நின்ற எனக்கே தாங்கவில்லை.

வெளியே அதற்குள் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி வந்துவிட்டார். துரைசாணி அப்படி அழுகிறார் என்றால் செத்தது அண்ணன்தானே, வேறு யார் இருக்கிறார்கள்? துரை காலையிலேயே குதிரையேறி அடுத்த மலைக்குப் போயிருந்தார், ஆகவே ஆளையும் காணோம். ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. மூங்கில் வெட்ட ஆள் போயாயிற்று. தப்பு அடிக்கிறவர்கள் கேட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “டெய்லரய்யா, தொரைக்குக் கோடி எடுக்கணும். ஆறடிக்கு மேல இருப்பாரு. எத்தன முழம் பிடிக்கும்?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் துரை குதிரையில் வந்து இறங்கினார். தோட்டம் முழுவதும் வேலையை விட்டுவிட்டுத் தன் வாசலில் நிற்பதைப் பார்த்து, “யாரு செத்தது?” என்று கேட்டார்.

கங்காணி கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாக, “நீங்கதானுங்கன்னு நெனச்சோமுங்க,” என்றார்.

5

அரை நாள் கொழுந்து போய்விட்ட ஆத்திரத்தில் துரை தங்கையை முழுக் குரலில் பாடவே கூடாதென்று சொல்லிவிட்டார். சின்னக் குரலில் பாடிக்கொண்டிருந்தால் பெரிய குரல் எப்படித் திரும்பும்? மானேஜர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். சிவகாமியும் அன்றைக்கு வீட்டில் சமைக்கவில்லை. ஆகையால் அந்த வழக்கில் நானும் கட்சிக்காரன் ஆனேன்.

வழி கண்டுபிடித்தவர் கங்காணி. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, தப்பு அடித்து அறிவித்தார். பங்களாவில் துரைசாணி அழுதால் அது சாவு இல்லை, அவருடைய வேலை, யாரும் கொழுந்தை விட்டுவிட்டு வரக் கூடாது என்றார். வரிசையிலிருந்து ராக்காயி, அப்படி ஒரு அழுகையைக் கேட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கக் கை வராது என்று சொல்லிவிட்டாள். பேசிப் பேசி, சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு துரைசாணி பாடுவது, விருப்பமுள்ளவர்கள் வந்து அழுதுவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. கொழுந்து குறையாது என்றதும் துரையும் சரி என்றார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் புல்தரையில் பெண்கள் கூட்டம். நான் கதையைத் தமிழில் சொல்லுவேன். கதை அவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. கப்பல் என்றால் முன்பின் ஆகத்தான் செய்யும், இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா அந்தப் பெண், அதற்குள் என்ன நஞ்சுக்கு அவசரம் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கதை எழுதினவன் நானாக இருந்தால் மாற்றியிருப்பேன். ஆனாலும் பாட்டு வந்ததும் எல்லாரும் அழுவார்கள். அவர் எழுந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, “நாளைக்கும் சாவுங்களா தொரசாணி?” என்று கேட்டுக்கொண்டு அடுப்பு மூட்டப் போவார்கள்.

குரல் நாளுக்கு நாள் தடித்தது. அந்த ஓர் இடம் மட்டும் வரவில்லை. உச்சிக்குப் பக்கத்தில் போவார், தாழ்த்திக்கொள்வார். வெந்நீர் குடித்துவிட்டுச் சிலேட்டில் எதையோ எழுதி எழுதி அழிப்பார்.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ராக்காயி இரண்டு பெண்களோடு பதுளைக்கு வந்து என் கடையில் நின்றாள். கோடி வேண்டுமென்றாள். யாருக்கு என்றேன். பாட்டுத் துரைசாணிக்கு என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உயிரோடு இருக்கும் மனுஷிக்கு யாராவது கோடி போடுவார்களா, அதுவும் கப்பலேறப் போகும் நேரத்தில், என்று சத்தம் போட்டேன்.

ராக்காயி அசையவில்லை. “உசுரோட இருக்கவ தெனம் சாவாளாங்க? எம்புட்டு நாளா செத்துக்கிட்டு இருக்கா. பொறந்த வீட்டுக் கோடின்னு ஒரு முழத் துணி விழுந்துச்சா? அண்ணங்காரரு பக்கத்து ரூமுல உக்காந்து சுருட்டுக் குடிக்கிறாரு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சிவகாமி என்னை நிறுத்திவிட்டு, லயத்தில் யாராவது செத்தால் கோடி எப்படி வருகிறது என்று கேட்டாள்.

“எங்களுக்கெல்லாம் அண்ணன் தம்பி கடலுக்கு அந்தப் பக்கம்தான தங்கச்சி. வந்து சேருமா? அடுத்த காம்பரா வீட்டுக்காரி பொறந்த வீடா நின்னு போட்ருவா. எங்காத்தாளுக்கு அப்படித்தான் விழுந்துச்சு. இவளும் கடல் தாண்டி வந்தவதான,” என்றாள் ராக்காயி.

சிவகாமி அலமாரியின் மேல் தட்டிலிருந்து, சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை ஒன்றை, நான் கல்யாணத்துக்கு விற்கலாமென்று வைத்திருந்ததை, எடுத்து ராக்காயி கையில் கொடுத்தாள்.

6

மானேஜர் பண்டாரவளை வரை இரயிலில் வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், சளி பிடித்திருந்தது, முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி பியானோ வாசிக்க உட்கார்ந்தார். நான் ஊசியும் நூலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வராந்தாக் கதவோரம் நின்றேன். பெண்கள் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ராக்காயி இடுப்பில் அந்தச் சேலைப் பொட்டலம் இருந்தது. போய்விடு என்று ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. அந்த அம்மாள் முகம் வெளிறிப்போயிருந்தது. பாதியில் ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தார். நாள் தவறாமல் தன்னோடு அழுதவர்கள் அங்கே நிற்பதைப் பார்த்தார். மானேஜர் பக்கம் திரும்பவே இல்லை. எங்களைப் பார்த்தே பாடினார்.

அந்த இடம் வந்தது. மூச்சை இழுத்தார். நான் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சிவகாமி கண்ணை மூடிக்கொண்டாள். குரல் மேலே போயிற்று. வழக்கமாகத் தாழும் இடத்தைத் தாண்டியது. இன்னும் மேலே போய், ஓரிடத்தில் நின்றது. நின்றதே தவிரக் குறையவில்லை. வராந்தாக் கண்ணாடிச் சன்னல் சன்னமாக அதிர்ந்ததைக் கையால் தொட்டுப் பார்த்தேன். என் தையல் ஒரு நூல்கூட விடவில்லை. பிறகு அவர் விழுந்தார்.

மானேஜர் அசையவில்லை. அப்போது ராக்காயி நேரே உள்ளே நடந்து போனாள். பொட்டலத்தைப் பிரித்து, சேலையை உதறி, கிடந்தவர் மேல் தலையிலிருந்து கால் வரை போர்த்தினாள். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எடுத்ததுபோல அவர்கள் ஒருநாளும் எடுத்ததில்லை.

மானேஜர் முகத்தில் அப்போதுதான் ஏதோ தெரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பயப்பட வேண்டாம் ஐயா, இந்த அம்மாள் தினமும் சாவார்கள் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது.

அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, சேலையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அழுதபடியே சிரித்தார். மானேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டச் சொன்னார். குரல் வந்ததற்கு டாக்டர் தன் மருந்து காரணம் என்றார், துரை மலைக்காற்று என்றார், கங்காணி பெரட்டில் தாம் செய்த அறிவிப்பு என்றார். தையலுக்கு நான் இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டிருந்தது எனக்குத் தெரியும்.

அவர் புறப்பட்ட நாளில், அண்ணனிடம் கற்ற தமிழில் சிவகாமியிடம், “போறேன்,” என்றார். சிவகாமி அவர் வாயைப் பொத்தி, “போயிட்டு வாரேன்னு சொல்லணும்,” என்று திருத்தினாள். அந்தச் சேலை அவர் பெட்டியில் மேலாக இருந்தது. நாங்கள் கொடுத்த பரிசு என்று சந்தோஷமாகக் கொண்டுபோகிறார், அது என்னவென்று தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்று பயந்தேன். அதற்குப் பிறகு கப்பல் கவிழ்ந்ததாகப் பேப்பரில் எப்போது செய்தி வந்தாலும் முருகன் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிடுவேன்.

7

இப்போது ஸ்டேஷனுக்கு வருகிறேன். “போயிட்டு வாரேன்னு சொன்னேன்ல, வந்துட்டேன்,” என்றார் அந்த அம்மாள். அண்ணனிடமும் சிவகாமியிடமும் பிடித்த தமிழ் அவருக்கு மறக்கவே இல்லை. வீட்டுக்கு அழைத்துவந்தேன். சிவகாமி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நேராகப் போய் அவர் விலாவில் கை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மெல்போர்ன், கேப்டவுன், லண்டன், இத்தாலியில் பெயர் வாயில் நுழையாத ஊர்கள் என்று எங்கெங்கே பாடினார், எங்கெங்கே செத்தார் என்று சொன்னார். ஓரிடத்தில் கைதட்டு நிற்காமல் திரும்பவும் எழுந்து திரும்பவும் சாக வேண்டியிருந்ததாம். இப்போது வயதாகிவிட்டது, உச்சிக்குரல் இளையவர்களுக்குரியது என்றார். “நான் சாகுறத விட்டுட்டேன்,” என்று அவர் சொன்னபோது முகத்தில் வருத்தமில்லை, நன்றாக வேலை செய்து முடித்தவரின் களைப்புதான் இருந்தது.

பிறகு பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் சேலையை எடுத்தார். கரை வெளுத்து, நடுவில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. எந்த மேடையில் சாவதானாலும் உடுப்புக்கு உள்ளே இடுப்பில் இதைச் சுற்றிக்கொள்வாராம். நான் இத்தனை வருஷம் அடக்கிவைத்ததைத் தயங்கித் தயங்கி, அம்மா, அது பரிசுச் சேலை இல்லை என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். எங்கண்ணன் அன்னைக்கே சொன்னான். எரிச்சுப் போடுன்னான்,” என்றார். “தெனம் சாகுறதுதான என் வேலை. எனக்கு இல்லாம யாருக்கு?”

நான் உடைத்த தேங்காய்களை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்று பேருமாக ஹாலிஎலவுக்குப் போனோம். பண்டாரவளையிலிருந்து பவளமும் வந்து சேர்ந்துகொண்டாள். ராக்காயிக்கு இப்போது மலையேற முடியாது, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டுகிறாள். பாட்டுத் துரைசாணியை அவளுக்கு முகத்தில் அடையாளம் தெரியவில்லை. பவளம் ‘ஆ’ என்று ஏணி ராகத்தை எடுக்க, அந்த அம்மாளும் சேர்ந்து இழுத்தார். தொட்டிலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன. ராக்காயியும் அழுதாள்.

அந்த அம்மாள் சேலையை மடித்து அவள் மடியில் வைத்து, என் வேலை முடிந்துவிட்டது, உன் சேலையை நீயே வைத்துக்கொள் என்று சொன்னார். ராக்காயி அதைத் தடவிப் பார்த்தாள். ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தாள். திருப்பி அவர் கையில் வைத்தாள்.

“போட்ட கோடியத் திருப்பி வாங்குற வழக்கமில்ல தாயீ. இத்தன நாளு வெளையாட்டுச் சாவு. நெசச் சாவுக்கு வச்சுக்க. அங்கன உனக்கு யாரு கொண்டாரப் போறா?”

அந்த அம்மாள் சேலையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையசைத்தார். செத்த பிறகு எந்தத் துணி போட்டால் என்ன என்று சொல்லும் என் மகள் சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

சிவகாமிதான் முதலில் பேசினாள். “எனக்கு?” என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லில் அவள் கப்பலேறிய நாளிலிருந்து கேட்ட அத்தனையும் இருந்தது.

“உனக்கென்ன தங்கச்சி, நான் இருக்கேன்ல,” என்றாள் ராக்காயி. “எனக்கு முந்திப் போனா எம்மக கொண்டாருவா. பேசி வச்சாச்சு.”

இரயிலில் திரும்பும்போது சிவகாமி ஊர் வரும்வரை தூங்கினாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஆகவே மச்சான், இதுதான் உங்களுக்கான சேதி. கோபப்படக் கூடாது. உங்கள் தங்கைக்குக் கோடி இங்கேயே ஏற்பாடாகிவிட்டது. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு முகாமில் நின்று புகை போடக் கொடுக்க வேண்டாம். அவளுக்குப் பொங்கலுக்கு ஒரு சேலை அனுப்புங்கள், உடுத்திக்கொள்ள. பச்சை நிறமாக இருக்கட்டும் என்கிறாள்.